'சோலார் ரெடி' என்றொரு ஸ்டிக்கர்

அமெரிக்காவில் காருக்கோ பிக்கப்புக்கோ பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகும் வீடுகள் உண்டு. டிராவல் டிரெய்லர் என்பார்கள். கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உள்ளேயே. இப்போது விற்கும் டிரெய்லர்கள் பலவற்றின் பக்கவாட்டுச் சுவரில் ஒரு சின்ன மூடி இருக்கும். பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர்: 'சோலார் ரெடி'. மூடியைத் திறந்தால் இரண்டு முனை உள்ள ஒரு பிளக். அதிலிருந்து பேட்டரி வரைக்கும் ஒரு ஒயர். பெரும்பாலும் அவ்வளவுதான். பேனல் கிடையாது, கண்ட்ரோலர் கிடையாது, சிலவற்றில் உருப்படியான ஃபியூஸ்கூடக் கிடையாது. இதற்குப் பெயர் 'ரெடி' என்றால், வெறும் இலையைப் போட்டுவிட்டு 'சாப்பாடு ரெடி, உட்காருங்க' என்று சொல்வதும் சரிதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிவு அந்த ஸ்டிக்கருக்கு எதிரானது, சோலாருக்கு எதிரானது அல்ல. அதுவும் கையில் தூக்கிப்போய் வைக்கும் மடக்குப் பேனல்களுக்கு நான் தீவிர ஆதரவாளன். வண்டியை மர நிழலில் நிறுத்திவிட்டு, பேனலை மட்டும் வெயிலில் கொண்டுபோய் வைக்கலாம். சூரியனைப் பார்த்துச் சாய்த்தும் வைக்கலாம். இந்தச் சாய்ப்பு சின்ன விஷயம் இல்லை. டிசம்பர் மாத நடுப்பகலில் அரிசோனாவின் தெற்குப் பக்கத்தில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 33 டிகிரி உயரம்தான் ஏறும். கூரையில் படுத்துக் கிடக்கும் பேனலுக்கு நேரடி வெயிலில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். அதே பேனலைத் தரையில் சாய்த்து வைத்தால் முழுசாகக் கிடைக்கும். ஆக, பேனல் நல்லது. வெயிலும் இலவசம். என் சண்டையெல்லாம் பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் அந்த இருபது இருபத்தைந்து அடியைப் பற்றித்தான்.

"எவனோ வெள்ளைக்காரன் பிக்னிக் போற வண்டி, உனக்கென்னடா வந்தது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் எல்லோரும் பிக்னிக் போகவில்லை.

அரிசோனாவில் குவார்ட்ஸைட் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அதை ஒட்டிய பாலைவனத்தில், மத்திய அரசின் நில நிர்வாகத் துறை லா போசா என்ற இடத்தை நீண்ட காலம் தங்குவதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை பெர்மிட் வாங்கிக்கொண்டு வண்டியோடு அங்கேயே குடியிருக்கலாம். மின் இணைப்பு கிடையாது. குளிர்காலத்தில் அங்கே வந்து இறங்குகிறவர்களில் வசதியான ஓய்வூதியக்காரர்களும் உண்டு, வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாமல் வண்டியையே வீடாக்கிக்கொண்ட வயதானவர்களும் உண்டு. ஜெசிகா புரூடர் 2017-ல் எழுதிய 'நோமேட்லேண்ட்' புத்தகம் இந்த இரண்டாவது ஆட்களைப் பற்றியதுதான். 2020-ல் அது படமாக வந்து, 2021-ல் ஆஸ்கரும் வாங்கியது. அந்த ஸ்டிக்கரை நம்பி ஏமாறுகிறவர்களில் இவர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு எரிச்சல்.

பேட்டரி இறங்கினால் லைட் எரியாது, அவ்வளவுதானே என்று நினைத்தால் அது தப்பு. டிரெய்லரில் இருக்கும் ஹீட்டர் கேஸில்தான் எரிகிறது. ஆனால் சூட்டை வீட்டுக்குள் தள்ளும் ஃபேன் ஓடுவது 12 வோல்ட் பேட்டரியில். காற்று ஓடுகிறதா என்று பார்க்க உள்ளே ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும். காற்று இல்லையென்றால் அது கேஸைத் திறக்கவே விடாது. அதாவது சிலிண்டர் நிறைய கேஸ் இருக்கும், வீட்டுக்குள் குளிரில் நடுங்கிக்கொண்டிருப்பீர்கள். கேஸ் கசிந்தால் கத்த வேண்டிய அலாரமும் அதே 12 வோல்ட்டில்தான். இன்னொன்றும் இருக்கிறது. ஓடும்போது டிரெய்லர் இழுக்கும் வண்டியிலிருந்து கழன்றுவிட்டால், ஒரு கம்பி உருவிக்கொண்டு, டிரெய்லரின் சொந்த பேட்டரியை வைத்தே பிரேக் பிடிக்கும் ஏற்பாடு அதில் உண்டு. பேட்டரி செத்திருந்தால் அந்த பிரேக்கும் கிடையாது. ஹைவேயில் பின்னால் வருகிறவன் கதியை நினைத்துப் பாருங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். ஹீட்டர் ஃபேன் சுமார் 7 ஆம்பியர் இழுக்கும். பத்து மணி நேர இரவில் பாதி நேரம் ஓடியது என்று வைத்தால் 35 ஆம்பியர்-மணி. டீலர் வண்டியோடு சேர்த்துக் கொடுக்கும் லெட்-ஆசிட் பேட்டரி பெரும்பாலும் 75, 80 ஆம்பியர்-மணி ரகம். அதைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் போய்விடும். நம்ம ஊர் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் இதே ஜாதகம்தான். ஆக ஒரே ராத்திரியில் பயன்படுத்தக்கூடிய அளவு ஏறக்குறைய காலி. மறுநாள் வெயிலில் இழப்பையும் சேர்த்து 40 ஆம்பியர்-மணியாவது திரும்ப ஏற்ற வேண்டும். 100 வாட் பேனல் மிக நன்றாக வேலை செய்தால் ஐந்தரை ஆம்பியர் தரும். குளிர்கால நாளில் முழு வெயிலுக்குச் சமமாக ஐந்து மணி நேரம் கிடைத்தாலும் 27 சொச்சம்தான். பற்றாது.

"அதனாலதான் சொல்றோம், 200 வாட் வாங்குங்க!" என்பார் விற்பவர். கணக்குப்படி அவர் சொல்வது சரி. கொடுமை என்னவென்றால், 200 வாட் வாங்கி மாட்டியும் பலருக்கு பேட்டரி நிறைவதில்லை. உடனே அடுத்த யோசனை, 400 வாட் வாங்கு. பானையில் ஓட்டை இருக்கும்போது குழாயைப் பெரிதாக்கச் சொல்கிற கதை இது.

ஓட்டை எங்கே இருக்கிறது?

பேனல் 18 வோல்ட் வாக்கில் வேலை செய்யும். பேட்டரிக்கு அதை அப்படியே கொடுக்க முடியாது. நடுவில் ஒரு சார்ஜ் கண்ட்ரோலர் வேண்டும். அது பேட்டரியின் வோல்டேஜைப் பார்த்துக்கொண்டே இருந்து, 14.4 வந்ததும் அதற்கு மேல் ஏறாமல் பிடித்து நிறுத்தி, கரண்ட்டைக் குறைத்து, கடைசியில் 13.5 பக்கம் கொண்டுவந்து வைக்கும். எல்லாமே அது எதைப் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. அது பார்ப்பது தன் சொந்த முனையில் இருக்கும் வோல்டேஜை. பேட்டரி முனையில் இருப்பதை அல்ல.

மடக்குப் பேனல் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் அந்த கண்ட்ரோலரை எங்கே வைத்திருக்கிறார்கள்? பேனலின் முதுகில். பேட்டரியிலிருந்து இருபத்தைந்து அடி தள்ளி.

நம்ம வகுப்பு மக்களே, முதல் வருஷம் மனப்பாடம் பண்ணி எழுதி பாஸ் ஆனோமே அந்த ஓம் விதி, அதை இப்போது எடுங்கள். பெட்டியில் 14 கேஜ் ஒயர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1000 அடிக்கு சுமார் 2.5 ஓம். போக 25 அடி, வர 25 அடி, மொத்தம் 50 அடி. 0.126 ஓம். 200 வாட் பேனல் தரும் 11 ஆம்பியரை இதால் பெருக்கினால் 1.4 வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது. அதாவது பேட்டரி 13.0-ல் இருக்கும்போதே கண்ட்ரோலர் தன் முனையில் 14.4 பார்க்கிறது. 'ஆச்சு, இனி மெதுவா ஊத்துவோம்' என்று முடிவு கட்டிக் கரண்ட்டைக் குறைக்க ஆரம்பிக்கிறது. சில கண்ட்ரோலர்களில் அந்த நிமிடத்திலிருந்து கடிகாரமும் ஓடத் தொடங்கும், இரண்டு மணி நேரம் ஆனால் 'ஃபுல்' என்று பச்சை விளக்குப் போட்டுவிட்டுக் கடையைக் கட்டிவிடும். கரண்ட் குறையக் குறைய வழியில் இழப்பும் குறைந்து பேட்டரி மெல்ல ஏறும் என்பது உண்மை. ஆனால் குளிர்காலச் சூரியன் அதுவரை காத்திருக்காது.

இப்படி நாளுக்கு நாள் முக்கால் வயிறோடு படுக்கப் போகும் லெட்-ஆசிட் பேட்டரிக்கு என்ன ஆகும் என்பது புதிய விஷயமே இல்லை. தகடுகளில் லெட் சல்ஃபேட் படிந்து கெட்டியாகிவிடும். கொள்ளளவு குறையும். ஓரிரு வருஷத்தில் 'பேட்டரி மட்டம், மாத்திடுங்க' என்று அதே கடைக்காரர் சொல்வார். பேனல்மீது யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அதுதான் பச்சை விளக்குக் காட்டியதே!

இதற்குத் தீர்வு என்ன என்று கேட்டால் சிரிப்பீர்கள். கண்ட்ரோலரைக் கழற்றி பேட்டரிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். அவ்வளவுதான். அதே ஒயர், அதே 1.4 வோல்ட் இழப்பு. ஆனால் இப்போது அந்த இழப்பு பேனலுக்கும் கண்ட்ரோலருக்கும் நடுவில் நடக்கிறது. 18-ல் 1.4 போனால் 16.6. பேட்டரிக்குத் தேவை 14.4. சாதாரண பிடபிள்யூஎம் கண்ட்ரோலர் எப்படியும் அந்த உபரி வோல்டேஜைப் பயன்படுத்துவதில்லை, ஆகவே நஷ்டமே இல்லை. எம்பிபிடி கண்ட்ரோலராக இருந்தால் ஒரு 8 சதவீதம் போகும், பரவாயில்லை. முக்கியமாக, கண்ட்ரோலர் இப்போது பேட்டரியின் உண்மையான வோல்டேஜைப் பார்க்கிறது. ஒரு புதிய பாகம்கூட வாங்க வேண்டாம். இருப்பதை இடம் மாற்றினால் போதும்.

இது இன்ஜினியருக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் பேனலோடு கண்ட்ரோலரையும் ஒட்டி விற்றால் 'பெட்டியைப் பிரி, மாட்டு, முடிந்தது' என்று விளம்பரம் போடலாம். விற்பனைக்கு வசதியான இடத்தில் பாகத்தை வைத்துவிட்டு, அதன் விலையை வாங்குபவரின் பேட்டரியிடம் வசூலிக்கிறார்கள்.

அடுத்தது அந்தப் பிளக்.

எஸ்.ஏ.இ. என்று அழைக்கப்படும் இரண்டு முனைப் பிளக் அது. ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், இன்னொன்று ரப்பருக்குள் மறைந்திருக்கும். நீட்டிக்கொண்டிருப்பதில் பாசிட்டிவா, மறைந்திருப்பதில் பாசிட்டிவா? இங்கேதான் கூத்து. மின்சாரம் வரும் பக்கத்தில் பாசிட்டிவ் மறைந்திருக்க வேண்டும், அப்போதுதான் தெரியாமல் உலோகத்தில் பட்டாலும் ஷார்ட் ஆகாது. இது எல்லோரும் ஒத்துக்கொள்ளும் விதி. ஆனால் சோலாரில் மின்சாரம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? வெயிலில் வைத்த பேனலிலும் மின்சாரம் இருக்கிறது, பேட்டரியிலும் இருக்கிறது. இரண்டு பக்கமும் பாசிட்டிவை மறைத்தால் பிளக் என்னவோ சேரும், ஆனால் பாசிட்டிவ் போய் நெகட்டிவோடு சேர்ந்துவிடும். ஆளுக்கொரு முடிவு எடுத்தார்கள். விளைவு, ஒரு நிறுவனத்தின் பேனலும் இன்னொரு நிறுவனத்தின் துளையும் அச்சு அசலாகப் பொருந்தும், ஆனால் பாசிட்டிவும் நெகட்டிவும் தலைகீழாக இருக்கும்.

பொருந்தாமல் இருந்திருந்தால்கூடப் பிரச்சினை இல்லை. பொருந்துகிறது என்பதுதான் ஆபத்து. கண்ட்ரோலரில் தலைகீழ் இணைப்புப் பாதுகாப்பு இருந்தால் ஒன்றும் ஆகாது, சும்மா வேலை செய்யாது. இல்லையென்றால் ஃபியூஸ் போகும், அல்லது கண்ட்ரோலர் புகையும். கண்ட்ரோலரே இல்லாத வெறும் பேனலைத் தலைகீழாக மாட்டினால், அதன் முதுகில் இருக்கும் பைபாஸ் டையோடுகள் பேட்டரிக்கு ராஜபாட்டை போட்டுக் கொடுத்துவிடும். இந்த லட்சணத்தில் பல பேனல் பெட்டிகளுக்குள் முனையை மாற்றும் ஒரு குட்டி அடாப்டரையும் போட்டுத் தருகிறார்கள். அதை வசதி என்கிறார்கள். நான் வாக்குமூலம் என்கிறேன்.

போதாக்குறைக்கு, சில வண்டிகளில் அந்தத் துளை நேராக பேட்டரிக்குப் போகும். சிலவற்றில் உள்ளே ஏற்கெனவே ஒரு கண்ட்ரோலர் இருந்து, அதன் வழியாகப் போகும். முதலாவதில் கண்ட்ரோலர் இல்லாத பேனலை மாட்டினால் பேட்டரி அளவு மீறி சார்ஜாகிக் கொதிக்கும். இரண்டாவதில் கண்ட்ரோலர் உள்ள பேனலை மாட்டினால், கண்ட்ரோலருக்குக் கண்ட்ரோலர் மாமியார் ஆகி, சார்ஜிங் ஒழுங்காக நடக்காது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு துளையும் ஒன்றுதான். ஸ்டிக்கரும் ஒன்றுதான்.

'எல்லாத் தொழிலிலும் இப்படித்தான், ஆரம்பத்தில் ஆளுக்கொரு மாதிரி இருக்கும்' என்று சமாதானம் சொல்பவர்களுக்கு ஒரு கேள்வி. இதே டிரெய்லரின் மூக்கில் ஏழு முனைப் பிளக் ஒன்று இருக்கிறது. பிரேக், இண்டிகேட்டர், சார்ஜிங் எல்லாம் அதில் போகும். எந்த நிறுவனத்தின் பிக்கப்பிலும் எந்த நிறுவனத்தின் டிரெய்லரையும் மாட்டலாம், எந்த முனையில் எது என்பது மாறாது. முகாம்களில் 120 வோல்ட் எடுக்கும் 30 ஆம்பியர் பிளக்கும் அப்படித்தான், இந்த வண்டிகளுக்கென்றே உண்டான தரம். அதெல்லாம் முடிந்தது, இது மட்டும் முடியாதா? ஆஸ்திரேலியாவில் கேரவன்காரர்கள் 50 ஆம்பியர் ஆண்டர்சன் பிளக்கைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே வடிவம், ஆண்-பெண் பேதம் கிடையாது, பாசிட்டிவ் நெகட்டிவ் அதன் உடம்பிலேயே குறித்திருக்கும், தலைகீழாகச் செருகவே முடியாது. அது என்ன ராக்கெட் விஞ்ஞானமா? பார்த்து எழுதினால்கூட பாஸ் ஆகிவிடலாம்.

ஃபியூஸ் பற்றி ஒரு வார்த்தை. பேனலைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள்தான் அதிகம். 100 வாட் பேனலின் இரண்டு ஒயரையும் சேர்த்து ஷார்ட் செய்தாலும் ஆறு ஆம்பியர் சொச்சம்தான் ஓடும், அதற்கு மேல் தர அதனால் முடியாது. பயப்பட வேண்டியது பேட்டரியைப் பார்த்து. ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியரை அது கண நேரத்தில் கொட்டும். துளையிலிருந்து பேட்டரிக்குப் போகும் ஒயர் எங்காவது தகரத்தில் உரசி அறுந்தால், அது ஒயர் அல்ல, சிவக்கக் காய்ந்த கம்பி. சுற்றிலும் இருப்பது ஒட்டுப்பலகையும் ஃபோமும். ஆகவே ஃபியூஸ் இருக்க வேண்டிய இடம் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பக்கம். பேனல் பக்கம் போட்டுப் பிரயோஜனமில்லை. இதில் விவாதிக்க எதுவுமே இல்லை என்பதால் அடுத்ததுக்குப் போகிறேன்.

எதிர்த்தரப்பு வாதம் ஒன்று உண்டு. 'மேனுவலில் எல்லாம் எழுதியிருக்கிறோம், படித்துவிட்டு வாங்க வேண்டியது வாடிக்கையாளர் பொறுப்பு.' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி என்றால் 'ரெடி' என்று ஏன் எழுதினீர்கள்? 'ஒயர் மட்டும் இழுத்திருக்கிறது, மீதியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று எழுதியிருக்கலாமே. எழுபது வயதில், பாலைவனத்தில், கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, பேனலின் மேனுவலையும் வண்டியின் மேனுவலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எந்த முனை எது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது வாடிக்கையாளர் பொறுப்பு. துளைக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி அச்சடிப்பது மட்டும் நிறுவனத்தின் பொறுப்பு இல்லையா?

நான் கேட்பது அதிகமில்லை. அந்த ஸ்டிக்கர் இருக்கும் இடத்திலேயே நாலு தகவல் வேண்டும்: எந்த முனை பாசிட்டிவ், உள்ளே கண்ட்ரோலர் இருக்கிறதா இல்லையா, ஒயர் எத்தனை கேஜ், ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் மற்றும் எங்கே. ஒரு விசிட்டிங் கார்டு அளவுக்குள் அடங்கிவிடும். இதை எழுத மறுக்கிற நிறுவனத்துக்கு அந்த வார்த்தையை ஒட்ட உரிமை கிடையாது.

அதுவரைக்கும், இங்கே எட்டிப் பார்க்கும் யாராவது நிஜமாகவே டிரெய்லர் வைத்திருந்தால், துளையை மறந்துவிடுவது உத்தமம். பேட்டரியிலேயே 10 கேஜ் ஒயரும், கண்ட்ரோலரின் அளவுக்கேற்ற ஃபியூஸும் போட்டு, கண்ட்ரோலரை பேட்டரிப் பெட்டிக்கு வெளியே பக்கத்தில் வையுங்கள், உள்ளே வேண்டாம், லெட்-ஆசிட் சார்ஜாகும்போது ஹைட்ரஜன் வரும். மாட்டும்போது பேட்டரி முதலில், பேனல் பிறகு. கழற்றும்போது பேனல் முதலில். லித்தியம் பேட்டரிக்கு மாறியிருந்தால் கண்ட்ரோலரில் அந்த செட்டிங் இருக்கிறதா என்று பாருங்கள், உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யாதீர்கள். துளையைத்தான் பயன்படுத்துவேன் என்றால் பேனலை மாட்டும் முன் மல்டிமீட்டரை எடுத்து இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். வோல்டேஜ் வந்தால் அது நேராக பேட்டரிக்குப் போகிறது என்று கிட்டத்தட்ட முடிவு செய்யலாம், மைனஸ் காட்டினால் மீட்டரின் சிவப்புக் கம்பி நெகட்டிவில் இருக்கிறது. எது பாசிட்டிவ் என்று தெரிந்ததும், அழியாத மார்க்கரால் அந்த மூடியின் உள்பக்கம் எழுதிவிடுங்கள். வண்டியை நாளைக்கு விற்றாலும் வாங்குகிறவருக்கு உதவும்.